குதிரை இல்லாத குதிரைப் பீரங்கிப்படை

கேள்வி: ஐயா, இரண்டாம் உலகப் போரில் வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் சண்டையிட்ட பிரித்தானியக் குதிரைப் பீரங்கிப்படையின் படங்களைப் பார்த்தேன். எல்லாம் லொறியும் பீரங்கியும்தான், ஒரு குதிரையைக்கூடக் காணவில்லை. பிறகேன் அந்தப் பெயர்?
– ஒரு வாசகர், அக்கரைப்பற்று

பதில்: தம்பி, அந்தப் பெயரில் இருப்பது வேகம். 1793இல் இந்தப் படை தொடங்கிய காலத்தில், மற்றப் பீரங்கிப் படைகளில் குதிரைகள் பீரங்கியை இழுக்க, வீரர்களில் பலர் பக்கத்தில் நடந்து போவார்கள். நடக்கிறவனின் வேகம்தான் பீரங்கியின் வேகம். இந்தப் படையிலோ ஒருவரும் நடப்பதில்லை. ஆறு குதிரைகள் பீரங்கியை இழுக்கும், மற்றவர்கள் தங்கள் குதிரைகளில் கூடவே பாய்வார்கள். குதிரைப்படை போகிற இடத்துக்குப் பீரங்கியும் பிந்தாமல் போய்ச் சேரும்.

முதலாம் உலகப் போரில் இவர்கள் உண்மையாகவே குதிரைகளோடு சினாய்ப் பாலைவனத்தில் இறங்கினார்கள். மணலில் சில்லுப் புதையும். அதற்காகப் பீரங்கிச் சில்லுகளைச் சுற்றி அகலமான மரக்கட்டைகளைக் கட்டினார்கள். காலாட்படை நடப்பதற்குக் கோழிக்கூட்டுக்கு அடிக்கிற மாதிரிக் கம்பி வலையை மணலில் விரித்துப் பாதை போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்க வருவதற்கு முன் நான் சவூதியில் மூன்று வருடம் லொறி ஓட்டினேன். அச்சு வரைக்கும் புதைந்த லொறியை மீட்க ரயரில் காற்றை இறக்கி, அடியில் தகடு வைத்துத் தள்ளியிருக்கிறேன். திருக்கோவில் கடற்கரையில் தோணி இழுக்கப் போய்ப் புதைந்த உழவு மெசினைப் பார்த்தவர்களுக்கும் அந்தப் பாடு விளங்கும்.

மணலைவிடப் பெரிய பிரச்சினை தண்ணீர். 1917 ஒக்டோபர் 31இல் துருக்கியரிடமிருந்து பலஸ்தீனத்தின் பீர்செபா ஊரைப் பிடிக்க அத்தனை அவசரப்பட்டதற்கு அங்கிருந்த கிணறுகள் முக்கிய காரணம். குதிரைகள் தாகத்தில் நின்றன.

1930களில் குதிரைகள் போய் மோட்டார் வந்தது. பெயரை மட்டும் அவர்கள் விடவில்லை. அப்புறம் வந்ததுதான் நீங்கள் பார்த்த படங்களின் காலம். 40 மில்லிமீற்றர் வாயுள்ள சிறிய யுத்த தாங்கி எதிர்ப்புப் பீரங்கியை லொறியின் பின்தட்டில் ஏற்றி, அங்கிருந்தே சுட்டார்கள். சுட்டுவிட்டு உடனே இடம் மாறலாம், அது நல்லது. ஆனால் ஒதுங்க ஒரு பற்றைகூட இல்லாத வெட்டையில், லொறிக்கு மேல் நிற்கிற ஆளை எவ்வளவு தூரத்திலிருந்தும் குறி வைக்கலாம்.

1941 நவம்பர் 21, லிபியாவின் சிடி ரெசெக். இந்தப் படையின் மூன்றாவது ரெஜிமெண்டில் ஜே பற்றரி என்ற பீரங்கிப் பிரிவைச் சேர்ந்த நான்கு பீரங்கிகளை நோக்கி ஏறத்தாழ 60 ஜேர்மன் தாங்கிகள் வந்தன. அவற்றுக்குப் பொறுப்பான இரண்டாம் லெப்டினன்ட் வார்ட் கன், கவசமில்லாத ஒரு வண்டியில் பீரங்கிக்குப் பீரங்கி ஓடித் தன் ஆட்களுக்குத் தைரியம் சொன்னார். மூன்று பீரங்கிகள் ஒவ்வொன்றாக அழிந்தன. நாலாவதன் ஆட்களில் சார்ஜன்ட் ஒருவரைத் தவிர எல்லோரும் செத்தோ காயப்பட்டோ கிடந்தார்கள். அந்தப் பீரங்கி இருந்த லொறியின் சாரதி வண்டியைப் பின்னால் எடுக்கப் பார்த்தார். கன் ஓடிப்போய் நிறுத்திவிட்டுத் தானே சுடத் தொடங்கினார். வண்டி பற்றி எரிகிறது, பக்கத்தில் குண்டுகள் அடுக்கியிருக்கின்றன. பற்றரியின் தளபதி மேஜர் பினி தீயை அணைத்துக்கொண்டிருக்க, கன் 40, 50 குண்டுகள் சுட்டு குறைந்தது இரண்டு தாங்கிகளை எரித்தார். பிறகு நெற்றியில் பட்டு இறந்தார். மறுநாள் பினியும் இறந்தார். கன்னுக்கு, பிரித்தானியாவின் அதியுயர் வீர விருதான விக்டோரியா சிலுவை கிடைத்தது. பினிக்கும் அது கிடைத்திருக்க வேண்டும் என்பது என் மனதில் எப்போதும் இருக்கிற எண்ணம்.

இதே படையில் வளர்ந்த ஜொக் கம்பெல், சில பீரங்கிகள், சில லொறிகளில் காலாட்கள் என்று சிறு அணிகளை அனுப்பி எதிரியைத் தாக்கும் முறையால் பெயர் பெற்றவர். 1940இல் இத்தாலியரிடம் அது பலித்தது. ஜேர்மன் தளபதி ரொமெலின் தாங்கிகளுக்கு முன் பீரங்கிகளை அப்படிச் சிதறடித்தது பிழை என்றே நான் நினைக்கிறேன். 1942 ஒக்டோபர் 23 இரவு, எகிப்தின் எல் அலமெய்னில் 900க்குக் கிட்டிய பீரங்கிகள் சேர்ந்து முழங்கியபோதுதான் அவற்றின் முழுப் பலம் தெரிந்தது.

கேள்வி: இப்போது அந்தப் படையில் குதிரைகள் உண்டா?
– ஒரு மாணவி, களுவாஞ்சிகுடி

பதில்: உண்டு மகள். லண்டனில் ‘அரசரின் அணி’ என்ற பிரிவு, முதலாம் உலகப் போர்க்காலப் பீரங்கிகளை ஆறு ஆறு குதிரைகளில் பூட்டி, அரச விழாக்களில் மரியாதை வேட்டுத் தீர்க்கிறது. ஜே பற்றரிக்குக் குதிரை இல்லை. அதன் பெயரோடு சிடி ரெசெக் என்ற பெயரும் சேர்ந்திருக்கிறது.