எண் பழையது என்பதற்காக கம்பைல் செய்ய வேண்டாம்

கேள்வி: எங்கள் கடையின் இணையதளம் உபுண்டு 22.04 சர்வரில் ஓடுகிறது. அதிலுள்ள வெப் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ் 1.18.0 மிகப் பழையது என்று பாதுகாப்பு ஸ்கேன் சிவப்பில் காட்டுகிறது. சோர்ஸ் கோடை (மூல நிரலை) இறக்கி நானே கம்பைல் செய்துவிடலாமா, அதாவது ஓடும் மென்பொருளாகக் கட்டிவிடலாமா?

பதில்: ஸ்கேன் சொன்னதற்காக மட்டும் என்றால், வேண்டாம்.

இத்தகைய ஸ்கேன்கள் பெரும்பாலும் சர்வர் வெளியே சொல்லும் 1.18.0 என்ற எண்ணோடு நின்றுவிடுகின்றன. உபுண்டுவில் மென்பொருள்களை நிறுவிப் புதுப்பிக்கும் கருவியான ஏபிடியில் பேக்கேஜின் முழு எண்ணைப் பாருங்கள். 1.18.0-க்குப் பிறகு ஒரு சிறு கோடு (-) போட்டு, ‘6உபுண்டு14.3’ என்பதுபோல ஒரு வால் இருக்கும். விஷயமே அந்த வாலில்தான். 2022 அக்டோபரில் என்ஜின்எக்ஸின் எம்பி4 வீடியோ மாட்யூலில் (துணைப் பகுதியில்) பாதுகாப்பு ஓட்டைகள் வெளிவந்தபோது, என்ஜின்எக்ஸ் குழு 1.22.1, 1.23.2 ஆகியவற்றில் சரிசெய்தது. உபுண்டு அதே திருத்தத்தை 1.18.0-க்குள்ளேயே வைத்துத் தைத்தது. முன் எண் மாறவில்லை, ஓட்டை அடைபட்டது. 22.04-க்கு இந்தப் பராமரிப்பு 2027 வரை உண்டு.

நீங்களே கம்பைல் செய்தால் அந்த வேலை முழுக்க உங்கள் தலையில். என்ஜின்எக்ஸோடு, குறியாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் சோர்ஸையும் சேர்த்துக் கட்டச் சொல்லும் குறிப்புகள் இணையத்தில் நிறைய. அப்படிச் செய்தால் ஓப்பன்எஸ்எஸ்எல், கட்டி முடித்த என்ஜின்எக்ஸ் பைனரிக்குள்ளேயே (ஓடும் கோப்புக்குள்ளேயே) போய்விடும். பிறகு ஏபிடி அப்கிரேட் எத்தனை முறை ஓட்டினாலும் உங்கள் என்ஜின்எக்ஸுக்கு ஓப்பன்எஸ்எஸ்எல்லின் திருத்தம் வராது. எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும் என்பதால் இது எனக்கு மிகவும் கவலை தரும் நிலை. போதாததற்கு, கட்டியதை நிறுவும் ‘மேக் இன்ஸ்டால்’ கட்டளை போட்ட கோப்புகள் ஏபிடிக்குத் தெரியாது. அந்தக் கட்டளைகளை வைத்திருக்கும் என்ஜின்எக்ஸின் மேக்ஃபைலில் அன்இன்ஸ்டாலும் கிடையாது, கையால்தான் தேடி அழிக்க வேண்டும்.

இணையப் பக்கங்களை அனுப்பும் நெறிமுறையின் புதிய வடிவமான எச்டிடிபி/3 உண்மையிலேயே தேவையா? அது 1.25.0-ல்தான் வந்தது. அதற்கும் கம்பைல் வேண்டாம், என்ஜின்எக்ஸ் குழுவே உபுண்டுவுக்கு பேக்கேஜ் களஞ்சியம் நடத்துகிறது. களஞ்சியத்தில் இல்லாத ஒரு மாட்யூல் வேண்டுமென்றால், அதே வெர்ஷன் சோர்ஸை வைத்து அந்த மாட்யூலை மட்டும் டைனமிக்காக (தனிக் கோப்பாக) கட்டி லோடு செய்யுங்கள். வெர்ஷன் மாறும்போது அதை மறுபடி கட்ட வேண்டும், அவ்வளவுதான். என்ஜின்எக்ஸின் உள் கோடையே திருத்த வேண்டியவர்கள் மட்டும் முழுதாகக் கம்பைல் செய்யட்டும்.

இப்போதைக்கு, ஸ்கேன் அறிக்கையிலுள்ள சிவிஇ எண்களை (ஓட்டைகளின் அடையாள எண்களை) ஒவ்வொன்றாக உபுண்டுவின் பாதுகாப்புப் பக்கத்தில் தேடுங்கள். 22.04-க்கு நேராகத் ‘திருத்தப்பட்டது’ என்றிருந்து, உங்கள் வால் எண் அதற்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால், அந்த வரியை அடித்துவிடலாம்.