சிசேரியன் நடக்கும்போது கணவர் உள்ளே இருப்பதை ஊழியர்கள் ஏன் விரும்புவதில்லை?

மனைவிக்கு அடுத்த மாதம் சிசேரியன், நானும் உள்ளே வரலாமா என்று கேட்டதும் நர்ஸ் முகம் மாறிவிட்டது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நர்ஸ் இடத்தில் நானே ஒன்பது வருடம் நின்றிருக்கிறேன். கொங்குப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தேன். இப்போது நான்கு வருடமாக இங்கிலாந்தில் அதே வேலை.

ஊரில் நாங்கள் சொன்ன காரணங்கள் எனக்கு மனப்பாடம். கிருமி தொற்றும், ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுவார், போனில் வீடியோ எடுப்பார். கிருமி என்பது சாக்குதான். நர்சிங் மாணவிகள் நான்கு பேர் அதே அறையில் நிற்பார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் உடை, தொப்பி, மாஸ்க்கைக் கணவருக்கும் கொடுக்கலாம்.

வெளியே சொல்லாத காரணம் பயம். திடீரென்று ரத்தப்போக்கு கூடினால் தியேட்டரில் குரல் உயரும், ஆளாளுக்கு ஓடுவோம். குழந்தை உடனே அழாமலும் இருக்கலாம். எங்களுக்கு அது அன்றாட வேலை, பார்க்கிறவருக்கு ஏதோ தப்பு நடக்கிற மாதிரி இருக்கும். நாளைக்கு உறவுக்காரர்களோடு வந்து சண்டைக்கு நின்றால்? மருத்துவமனைத் தாக்குதலைத் தடுக்க 2008-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. அதனால் அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். அதோடு ஆள் பற்றாக்குறை. உள்ளே வருகிறவரைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும், அந்த ஒருவர் எங்களிடம் இருந்ததில்லை.

பிரசவத்தில் துணை என்பதே நம் ஊரில் அம்மாவோ அக்காவோதான். அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையை அனுமதிக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் சொன்னபோதும், பிரசவம் கண்ட பெண் உறவினர் என்றுதான் சொன்னது. மறைவுக்கு வசதியுள்ள இடத்தில் கணவரும் இருக்கலாம். ஆனால் நான் வேலை பார்த்த இடத்தில் துணை என்ற பேச்சே தியேட்டர் கதவோடு நின்றுவிடும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அத்தனை பெண்களும் கடைசி நேரத்தில் தனியாகத்தான் உள்ளே போகிறார்களா என்று நான் ஊரில் இருந்தவரை யோசித்ததே இல்லை.

இங்கே வந்த முதல் வாரம். யாழ்ப்பாணத்துத் தம்பதி. முதுகில் ஊசி போட்டு, குளிர்ந்த ஸ்ப்ரே அடித்து மரத்துவிட்டதா என்று பார்த்த பிறகு கணவரைக் கூட்டி வந்தார்கள். தலைமாட்டில் ஒரு ஸ்டூல், அவ்வளவுதான் அவருக்கான இடம். நெஞ்சுக்குக் கீழே திரை இருப்பதால் வயிற்றுப் பக்கம் எதுவும் தெரியாது. அந்தப் பெண்ணுக்குக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. வயிற்றை அழுத்தும்போது “என்னமோ இழுக்கிற மாதிரி இருக்கு” என்று பயந்தார். கணவர் எதுவும் பெரிதாகச் சொல்லவில்லை. “நான் இங்கதான் இருக்கிறன்” என்று நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். 120-க்கு மேல் ஓடிய நாடித்துடிப்பு மெல்ல 90-க்கு இறங்கியது. அவர் கைதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், மருந்தும் போயிருந்தது. ஆனால் அன்றைக்கு ஊரில் நான் பார்த்த முகங்களெல்லாம் ஞாபகம் வந்தன. ஒரு பெண் என் கவுன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, எனக்கு வேறு வேலை இருந்தது, விரலை விலக்கிவிட்டுப் போனேன்.

கணவர் மயங்கி விழுவதும் நடக்கும். ஒருமுறை பார்த்திருக்கிறேன். உதவியாளர் அவரைத் தரையில் சாய்த்துப் படுக்க வைத்தார், ஆபரேஷன் நிற்கவில்லை. சாப்பிட்டீர்களா, வியர்த்தால் உடனே சொல்லுங்கள், எழுந்து நிற்காதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

முழு மயக்கம் கொடுத்தால் மட்டும் இங்கேயும் வெளியே அனுப்பிவிடுவார்கள். அதில் நான் ஊழியர்கள் பக்கம். அம்மாவுக்கு நினைவிருக்காது, எல்லோர் கவனமும் மூச்சுக் குழாயில் இருக்கும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. கடைசி நாளில் நர்ஸிடம் கேட்காதீர்கள், அவர் முடிவெடுக்க முடியாது. இப்போதே மகப்பேறு டாக்டரிடம் கேளுங்கள், மயக்க மருந்து டாக்டரையும் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். தலைமாடு அவருடைய இடம், அவர் சரி என்றால் பாதி வேலை முடிந்தது. போனை வெளியே வைத்துவிடுகிறேன், போகச் சொன்னால் கேள்வி கேட்காமல் போய்விடுகிறேன் என்று நீங்களாகவே சொல்லுங்கள்.

அப்படியும் விடவில்லை என்றால் ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள். குழந்தையைக் காட்டிய பிறகும் தையல் போட அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் யாராவது வெளியே வந்து “அம்மா நல்லா இருக்காங்க” என்று உங்களிடம் சொல்ல வேண்டும். நாங்கள் “அட்டெண்டர் யாரு?” என்று கூப்பிட்டுக் குழந்தையைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திவிடுவோம். ஒருநாள் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது ஒருவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். குழந்தை அவர் மாமியார் மடியில் இருந்தது. “சிஸ்டர், அவளுக்கு ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டார். அவர் மனைவியை வேறு வழியாக வார்டுக்கு மாற்றி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.