ராத்திரி வண்டி எங்கே நிற்கிறது?

கேள்வி: 2022 அக்டோபரில் கடன் போட்டு எலெக்ட்ரிக் கார் வாங்கினேன். 30 யூனிட் பேட்டரி. காலடிப்பேட்டையில் அப்பா வீட்டில் இருந்தவரை தொல்லை இல்லை. போன வருஷம் தேரடிப் பக்கம் ஃப்ளாட் வாங்கிக் குடிவந்தோம். கீழே பார்க்கிங்கில் சார்ஜ் போட அசோசியேஷன் விடவில்லை. வெளியே போய்ப் போட்டால் ஒருநாள் க்யூ, ஒருநாள் மெஷின் ஓடவில்லை. அப்பா வீட்டுக்கே போய் மாட்டினால் இப்போது சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிகிறது. முன்பு 205 கி.மீ. கொடுத்த வண்டி இப்போது 175-தான் கொடுக்கிறது. இரண்டு மாதம் முன்பு 60 சதவீதம் சார்ஜ் இருக்கும்போதே மாதவரம் ரவுண்டானாவில் செத்து நின்றது. மழை வந்தால் மனைவிக்குப் பயம். வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், போகவர 45 கி.மீ. வண்டியை ஆறரை லட்சத்துக்குக் கேட்கிறார்கள். தள்ளிவிட்டு பெட்ரோல் வண்டிக்கே திரும்பிவிடலாமா?

— திருவொற்றியூர் வாசகர்

பதில்: இப்போதைக்கு விற்காதீர்கள். ஒரு மூன்று மாதம் பொறுங்கள். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வண்டியில் கோளாறு என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஃப்ளாட்டுக்கு மாறிய நாளிலிருந்துதான் எல்லாமே தொடங்கியிருக்கிறது. எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர் யார் வந்து 'வித்துடலாமா சார்' என்று கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ராத்திரி வண்டி எங்கே நிற்கிறது, அங்கே ப்ளக் இருக்கிறதா?

முதலில் ரவுண்டானா கதையை முடித்துவிடுவோம். 60 சதவீதம் காட்டிக்கொண்டே வண்டி செத்தது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது பெரிய பேட்டரியை அல்ல, பானெட்டுக்குள் இருக்கும் 12 வோல்ட் சின்ன பேட்டரியை. பெரிய பேட்டரியிலிருந்து மோட்டாருக்குக் கரண்ட் போகிற வழியில் கான்டாக்டர் என்று ஒரு பெரிய சுவிட்ச் உண்டு. அதை மூடிப் பிடிப்பது இந்தச் சின்ன பேட்டரிதான். சென்னை வெயிலில் அதன் ஆயுள் மூன்று, நான்கு வருஷம். உங்களுடையது அந்தக் கெடுவைத் தொட்டுவிட்டது. மாற்ற ஐந்தாறாயிரம் ஆகலாம். பெட்ரோல் வண்டியிலும் இதே பேட்டரி இதே வயதில்தான் போகும். அங்கே செல்ஃப் எடுக்காமல் முனகி நாலு நாள் முன்பே காட்டிக்கொடுத்துவிடும். இங்கே முனகல் எதுவும் கேட்காது.

அடுத்தது 205, 175 ஆன கதை. உங்கள் வண்டியில் இருப்பது எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி. இதில் எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று கண்டுபிடிப்பது கேஸ் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது மாதிரி. அடுப்பு எரிவதை வைத்துச் சொல்ல முடியாது, தீரப்போகும் வரை ஜுவாலை ஒரே மாதிரி இருக்கும். எல்எஃப்பி செல்லிலும் வோல்டேஜ் 3.2, 3.3 என்று நடுவில் ஒரே மட்டத்தில் நிற்கும். அதனால் வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் உள்ளே போனது, வெளியே வந்தது என்று கூட்டிக் கழித்துத்தான் சதவீதம் போடுகிறது. கணக்கு நாளாக நாளாகப் பிசகும். வீட்டில் மாட்டும் மெதுவான சார்ஜரில் 100 வரை ஏற்றி, அதற்கு மேலும் ஒரு மணி நேரம் மாட்டியே வைத்தால்தான் செல்கள் சமமாகி, கணக்கும் நேராகும். நீங்கள் ஒரு வருஷமாக வெளியே ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டு, பின்னால் ஆள் நிற்கிறாரே என்று 80-லேயே கழற்றிக்கொண்டு வந்திருப்பீர்கள். காணாமல் போன 30 கி.மீ.யில் பாதி இந்தப் பிசகாகவே இருக்கலாம். மீதி உண்மையான தேய்மானம். மூன்று வருஷத்துக்கு அது சகஜம்.

சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஆரோக்கிய ரிப்போர்ட் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையாக 'நல்லா இருக்கு சார்' என்றால் ஏற்காதீர்கள். வாரன்ட்டி வழக்கமாக 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ., எது முந்துகிறதோ அது. ஆறரை லட்சத்துக்குக் கேட்டவர் அந்த ரிப்போர்ட்டைப் பார்க்காமலே விலை சொல்லியிருந்தால், பேட்டரி போயிருக்கும் என்று வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

இனி சிவப்பு விளக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வடசென்னையில் பழைய வீடு வைத்திருக்கும் பாதிப்பேருக்கு இது பொருந்தும்.

தண்டையார்பேட்டையில் ஒரு வீடு. புதுக் கார், சார்ஜர் மாட்டினால் சிவப்பு. கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு சார்ஜரையே மாற்ற வேண்டும் என்று சொல்லிப் போயிருந்தார். நான் மீட்டரை எடுத்து ப்ளக்கில் வைத்தேன். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 228 வோல்ட், சரி. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 120-தான். அதுவும் 228-ஐ ஒட்டி வர வேண்டும். பக்கத்தில் நின்ற பாட்டி, "அது இன்னா தம்பி, வாஷிங் மெசின தொட்டாகூட சுர்ருங்குது, ஒருத்தனும் கேக்க மாட்றான்" என்றார். நோய் இன்னதென்று பாட்டி ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார். எர்த் வயரைத் தொடர்ந்து போனேன். அது கொல்லைப்புறக் குழாயில் போய்க் கட்டியிருந்தது. அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்வார்கள், இரும்புக் குழாய் மண்ணுக்குள் போகிறதல்லவா. ஆனால் குழாய் துருப்பிடித்தது என்று இரண்டு வருஷம் முன்பு பிளம்பர் வந்து மண்ணுக்குள் இருந்ததையெல்லாம் பிவிசியாக மாற்றிவிட்டார். மேலே மூன்று அடி இரும்பு மட்டும் மிச்சம். வீட்டுக்கே எர்த் இல்லை. ஃபேனும் லைட்டும் அதைக் கண்டுகொள்ளாமல் ஓடின. கார் சார்ஜர் மட்டும் எர்த் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கரண்டை விடும். சார்ஜர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

அப்பா வீட்டில் சமீபத்தில் குழாய் வேலை நடந்ததா என்று கேட்டுப் பாருங்கள். நடக்காவிட்டாலும் எர்த் குழியைத் தோண்டிப் பாருங்கள். கடல் பக்கத்து உப்பு மண்ணில் ஜிஐ இரும்பு பைப் சில வருஷத்தில் அப்பளமாக நொறுங்கிவிடும். செம்பு பூசிய ராடு போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சில எலக்ட்ரீஷியன்கள் ப்ளக்குக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துக் கட்டிவிட்டு 'பச்சை எரியுது பாருங்க' என்பார்கள். பச்சை எரியும்தான். ஆனால் என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் காரின் பாடி முழுக்க 230 வோல்ட் நிற்கும். மழை ஈரத்தில் வெறுங்காலோடு குழந்தை கதவைத் திறந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. அப்படிச் செய்யும் ஆளை அப்போதே அனுப்பிவிடுங்கள்.

இப்போது உங்கள் ஃப்ளாட். அசோசியேஷன்காரர்கள் மறுப்பது பெரும்பாலும் இரண்டு காரணத்துக்காக: காமன் மீட்டரில் பில் ஏறும், தீப்பிடிக்கும். முதலாவதுக்கு வழி சுலபம். ஸ்டில்ட் பார்க்கிங் கட்டடங்களில் எல்லோருடைய மீட்டரும் கீழேயேதான் இருக்கும். உங்கள் மீட்டரிலிருந்து உங்கள் இடத்துக்குத் தனி லைன் இழுத்தால் யார் காசும் இல்லை. வீட்டு இணைப்பிலேயே சொந்த வண்டியை சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறையின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. அதை பிரின்ட் எடுத்துக்கொண்டு மீட்டிங்குக்குப் போங்கள். சண்டைக்கு நிற்காதீர்கள். செயலாளரைத் தனியாகப் பார்த்து மீட்டர் போர்டைக் காட்டிப் பேசினாலே பாதி வேலை முடியும்.

தீ பயத்தைச் சிரித்துத் தள்ளாதீர்கள், அதில் நியாயம் இருக்கிறது. 3.3 கிலோவாட் சார்ஜர் 14, 15 ஆம்பியரை எட்டு ஒன்பது மணி நேரம் நிற்காமல் இழுக்கும். கீசருக்குப் போடும் 15 ஆம்பியர் ப்ளக் கால் மணி நேரத்துக்குத் தாங்கும், ராத்திரி முழுக்கத் தாங்காது. பின் கருகி உருகிய ப்ளக்குகளை ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறேன். நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட், 4 சதுர மி.மீ. செம்பு வயர் (தூரம் இருபது மீட்டருக்கு மேல் என்றால் 6), 20 ஆம்பியர் எம்சிபி (லோடு மீறினால் அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் அணையும் சுவிட்ச்), ஃப்ளாட்டுக்கு ஒழுங்கான எர்த். எல்லாம் சேர்த்து பதினைந்திலிருந்து இருபத்தைந்தாயிரத்துக்குள் முடியும். வீட்டில் இரண்டு ஏசி ஓடும் என்றால் ஈ.பி. ஆபீஸில் லோடு கூட்டி எழுதிக்கொடுங்கள்.

காசுக் கணக்குக்கு வருவோம். மாதம் 1,100 கி.மீ. என்று வைப்போம். மணலி, மாதவரம், ரெட்டேரி வழியாகக் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகிற வண்டிக்கு பெட்ரோல் லிட்டருக்கு 13 கொடுத்தால் அதிகம். ஏசி போட்டு நின்ற இடத்தில் நின்றாலே மணிக்கு முக்கால், ஒரு லிட்டர் போய்விடும். போதாததற்கு இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. லிட்டர் 101 என்று போட்டால் மாதம் 8,500. அதே தூரத்துக்கு வீட்டில் சார்ஜ் போட்டால், வீணாவதையும் சேர்த்து 190 யூனிட். உங்கள் வீடு இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடுகிறது என்றால் கார் சேர்ந்து 780 ஆகும். 500-ஐத் தாண்டியதும் சலுகைக் கட்டணம் போய், மேலே யூனிட் 8, 9 ரூபாய் என்று ஏறும். 2024 ஜூலை கட்டணப்படி பில் சுமார் 3,500 கூடும், அதாவது மாதம் 1,750. வெளியே யூனிட் 22 ரூபாய் என்று கொடுத்தாலும் 3,800-க்குள்தான். இப்போது நீங்கள் படும் அவஸ்தையிலும் பெட்ரோலில் பாதிகூட ஆகவில்லை. போவது உங்கள் நேரம், வாரத்தில் இரண்டு சாயங்காலம். அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன்.

மாற்றினால் எவ்வளவு என்று பாருங்கள். 2025 செப்டம்பரில் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம் ஆனது உண்மை, ஷோரூமில் கூப்பிடத்தான் செய்வார்கள். ஆனாலும் 9 லட்ச ரூபாய் வண்டிக்கு தமிழ்நாட்டில் சாலை வரி 13 சதவீதம், 1,17,000. நீங்கள் 2022-ல் வாங்கியபோது இந்த வரி கட்டவே இல்லை, ஞாபகம் இருக்கிறதா? இன்ஷூரன்ஸும் சேர்த்தால் ஆறரை லட்சத்துக்கு மேல் இன்னும் நாலு லட்சமாவது கைக்காசு போட வேண்டும். போட்ட பிறகு மாதா மாதம் ஆறு, ஏழாயிரம் கூடுதல் செலவு. இன்னொன்று: கடன் 2023 மார்ச்சுக்குள் அனுமதியானது என்பதால், பழைய முறையில் வருமான வரி கட்டுபவராக இருந்தால் 80இஇபி பிரிவில் வட்டிக்கு வருஷம் ஒன்றரை லட்சம் வரை கழிவு உண்டு. பலர் இதைக் கேட்பதே இல்லை, ஆடிட்டரிடம் கேளுங்கள்.

மழைக்கு உங்கள் மனைவி பயப்படுவது சரிதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மணலியிலும் எண்ணூரிலும் தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து நின்றதைப் பார்த்தவர்கள் யாரும் பயப்படத்தான் செய்வார்கள். பேட்டரிக்கு ஐபி67 என்று போட்டிருப்பது ஒரு மீட்டர் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்ற சோதனை. இரண்டு நாள் சாக்கடையில் ஊறுவதற்கு அது உத்தரவாதம் ஆகாது. கணேசபுரம் சப்வே மாதிரி இடத்தில் முழங்கால் தண்ணீர் என்றால் எந்த வண்டியும் இறங்கக் கூடாது. பெட்ரோல் எஞ்சின் ஒரு மடக்கு தண்ணீர் உறிஞ்சினால் கனெக்டிங் ராடு வளைந்து அங்கேயே முடிந்துவிடும். இந்த விஷயத்தில் பெட்ரோல் வண்டிக்கு மாறி ஒரு லாபமும் இல்லை. இரண்டுக்குமே தண்ணீர்ச் சேதத்துக்கென்று இன்ஷூரன்ஸில் தனி ஆட்-ஆன் பாலிசி எடுக்க வேண்டும். வண்டி மூழ்கிவிட்டால் ஆன் செய்யாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். சக்கரம் உருளும்படி கட்டி இழுக்கவும் விடாதீர்கள், ஃப்ளாட்பெட் லாரியில்தான் ஏற்ற வேண்டும்.

எப்போது விற்கலாம்? மூன்று மாதம் முயன்றும் ஃப்ளாட்டில் லைன் கிடைக்கவில்லை, அப்பா வீட்டில் ராத்திரி வண்டி நிறுத்தவும் வழியில்லை என்றால் விற்றுவிடுங்கள். அதில் தோல்வி ஒன்றும் இல்லை. வேலை மாறி தினம் 120 கி.மீ. ஆனாலும், மாதம் இரண்டு தடவை வயதான அப்பா அம்மாவோடு திருநெல்வேலி போக வேண்டும் என்றாலும், இந்த 30 யூனிட் வண்டி உங்களுக்குச் சரிப்படாது. அப்படி விற்பதானாலும் முதலில் 12 வோல்ட் பேட்டரியை மாற்றி, 100 வரை இரண்டு மூன்று தடவை மெதுவாக ஏற்றி, ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

முதல் வேலையாக வரும் ஞாயிற்றுக்கிழமை காலடிப்பேட்டைக்கு எலக்ட்ரீஷியனை வரச்சொல்லுங்கள். எர்த் குழி போட்டு முடித்ததும், ஏசி, மோட்டார் எல்லாவற்றையும் ஓடவிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் எத்தனை வோல்ட் என்று உங்கள் கண் முன்னால் பார்த்துப் பேப்பரில் எழுதித் தரச்சொல்லுங்கள். 3 வோல்ட்டுக்குள் வராவிட்டால் வேலை இன்னும் முடியவில்லை, முழுப் பணத்தையும் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள்.