கோபம் தீ என்றால் தண்ணீர் எது?

கேள்வி: சின்ன விஷயத்துக்கும் சுள்ளென்று கோபம் வருகிறது, அப்புறம் அதையே நினைத்து ராத்திரி தூக்கம் போகிறது. பஞ்சபூதங்களை வைத்து மனதைச் சமன் செய்யலாம் என்கிறார்களே, நிஜமா?

பதில்: கோபத்தைத் தீ என்றும் ஓயாத யோசனையைக் காற்று என்றும் சொல்வது பரிசோதனை முடிவு இல்லை, உள்ளே நடப்பதற்குப் பெயர் வைக்க ஒரு வழி, அவ்வளவுதான், சித்த மருத்துவமும் பித்தத்தைத் தீயோடும் வாதத்தைக் காற்றோடும் சேர்த்துத்தான் பேசுகிறது. உங்கள் தீயைக் காற்று ஊதிப் பெரிதாக்குகிறது. காது சூடாகி, தாடை இறுகும்போதே எழுந்துபோய்க் குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவுங்கள், பதிலைப் பிறகு சொல்லலாம். இரவில் பாதங்கள் தரையில் பதிய உட்கார்ந்து, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். தீயை அடியோடு அணைக்க வேண்டாம், நியாயமான கோபம் இருந்துவிட்டுப் போகட்டும். வாரக்கணக்கில் தூக்கமில்லையா? பூதங்களை விடுங்கள், மருத்துவரைப் பாருங்கள்.