மன்னிப்பும் வழக்கும்: வக்கீல் பதில்கள்

கேள்வி: ஃபேஸ்புக்கில் ஒருவரைப் பற்றித் தப்பாக எழுதிவிட்டேன். அவதூறு என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்டால் கேஸ் போய்விடுமா?

பதில்: தானாகப் போகாது. ஆனால் அவதூறு, பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் சமரசமாக முடித்துக்கொள்ளக்கூடிய குற்றம். கெஜ்ரிவால் மீது அருண் ஜெட்லி போட்ட வழக்கு 2018-இல் மன்னிப்புக் கடிதத்துக்குப் பிறகே முடிந்தது. சீக்கிரம் கேளுங்கள். கடிதத்தில் 'ஆனால்' என்ற சொல்லே வேண்டாம்.

கேள்வி: பதிவை நீக்கி வருத்தமும் சொல்லிவிட்டேன். இன்னும் ஏன் வழக்கு?

பதில்: பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவைப் பகிர்ந்த எஸ்.வி. சேகரும் நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். 2023-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்துவிட்டது. அதற்குள் பதிவைப் படித்தவர்கள் படித்தாகிவிட்டதே.

கேள்வி: 'ஆனால்' வேண்டாம் என்கிறீர்கள். நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் 1971, பிரிவு 12-இன் விளக்கத்தைப் படித்தீர்களா? நிபந்தனையோடு கேட்டது என்பதற்காக மட்டும் மன்னிப்பை நிராகரிக்கக் கூடாது என்கிறதே!

பதில்: நல்ல கேள்வி. நீங்கள் சொல்வது சரி, ஆனால் அந்த மன்னிப்பு நல்லெண்ணத்தோடு கேட்டதாக இருக்க வேண்டும் என்றும் அதே வரி சொல்கிறது. நிபந்தனை வேறு, நியாயப்படுத்துவது வேறு. "நான் செய்தது சரிதான், இருந்தாலும் மன்னியுங்கள்" என்பது மன்னிப்பே இல்லை. இரண்டும் சேர்ந்து இருக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1954-லேயே எம்.ஒய். ஷரீஃப் வழக்கில் சொல்லிவிட்டது.

கேள்வி (அவரே மீண்டும்): அப்படியானால் தன் பக்கம் நியாயம் இருப்பதாக நம்புகிறவர் என்ன செய்வது?

பதில்: மன்னிப்புக் கேட்க வேண்டாம். 2020-இல் நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் வக்கீல் பிரசாந்த் பூஷண் மறுத்தார், 1 ரூபாய் அபராதம் விதித்தார்கள், கட்டினார். எல்லோருக்கும் 1 ரூபாயோடு முடியும் என்று நம்பிவிடாதீர்கள், 6 மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனாலும் மனதில் இல்லாத மன்னிப்பைவிட அந்த மறுப்பை நான் மதிக்கிறேன்.

கேள்வி: மன்னிப்புக் கேட்டால் கேஸ் முடியுமா?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: மனைவியிடம் மன்னிப்புக் கேட்டும் விவாகரத்து வழக்கை வாபஸ் வாங்கவில்லை.

பதில்: குடும்பநல வழக்குகள் நான் நடத்துவதில்லை. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.

கேள்வி: நான் டாக்டர். இறந்தவரின் குடும்பத்திடம் வருத்தம் சொன்னால் தப்பை ஒப்புக்கொண்டதாகுமா?

பதில்: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2006-லும் ஹாங்காங்கில் 2017-லும் இதற்கென்றே சட்டம் வந்தது. அங்கே மன்னிப்பை மட்டும் வைத்துப் பொறுப்பைச் சுமத்த முடியாது. நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. அதற்காக வாயை மூடிக்கொண்டு போய்விடாதீர்கள். "உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன்" என்பது ஒப்புதல் ஆகாது. "என் தப்பு" என்று எழுதிக் கொடுக்கும் முன் மட்டும் வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: பத்திரிகையில் சின்னதாக மன்னிப்பு விளம்பரம் போட்டால் போதாதா?

பதில்: தவறான மருந்து விளம்பரங்கள் தொடர்பான வழக்கில் 2024 ஏப்ரலில் பதஞ்சலி நிறுவனத்திடம் உச்ச நீதிமன்றம் கேட்டதே இதுதான்: வழக்கமாக நீங்கள் தரும் விளம்பரங்களின் அளவுக்கு இந்த மன்னிப்பும் இருக்கிறதா? மறுபடி பெரிதாகப் போட்டார்கள். வழக்கு முடிய ஆகஸ்ட் ஆனது.