லாப நோக்கற்ற மருத்துவமனை தன் வட்டார மக்களின் நலத்தில் எவ்வாறு முதலீடு செய்கிறது?

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அந்நிறுவனம், கட்டணம் செலுத்துவோரிடமிருந்து கிடைக்கும் உபரியை, செலுத்த இயலாதோரின் கண்புரை அறுவைக்கும் சேவை விரிவாக்கத்துக்கும் திருப்பிவிடுகிறது. இலவசச் சிகிச்சை என்று அறிவித்துவிட்டால் மட்டும் ஏழைகள் வந்துவிடுவதில்லை. பேருந்துச் செலவும் கூலி இழப்புமே பலரைத் தடுத்துவிடுகின்றன. அதனால்தான் ஊர்களில் நடத்தும் கண் பரிசோதனை முகாமில் அறுவைக்குத் தேர்வானோரை வண்டியிலேயே அழைத்துச் சென்று, உணவும் தங்குமிடமும் அளித்து, சிகிச்சை முடிந்ததும் ஊரில் கொண்டுவந்து விடுகிறார்கள். சிற்றூர்ப் பார்வை மையங்களில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதித்த பின், மருத்துவர் காணொளி வழியே நோயாளியுடன் பேசுகிறார். என் மதிப்பீட்டில், கிராமத்து இளம்பெண்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சியளித்து, கண் மருத்துவ உதவியாளர்களாகப் பணியமர்த்துவதே இவற்றுள் ஆழமான முதலீடு. சிகிச்சையோடு மாத ஊதியமும் அந்தக் குடும்பங்களுக்கே போய்ச் சேர்கிறது.