கூரை மடிக்கும் கார் வாங்கலாமா? ‘சின்ன வயர் வேலை’ என்றால் யோசியுங்கள்

கேள்வி: கல்லடியில் கடற்கரைக்குக் கிட்ட இருக்கிறேன். கட்டாரில் உழைத்துச் சேர்த்த காசில் ஒரு கார் வாங்க ஆசை. கல்முனைப் புரோக்கர் ஒருவர் 2004ஆம் ஆண்டு டைஹட்சு கோபென் ஒன்றைக் காட்டினார். பொத்தானை அமத்தினால் இரும்புக் கூரை தானாக மடிந்து டிக்கிக்குள் போகிற வகை. இப்போது கூரை பாதியில் நிற்கிறது. ‘சின்ன வயர் வேலைதான், ஐயாயிரம் ரூபாய்க்குள் முடியும்’ என்கிறார். விலையையும் நன்றாகக் குறைத்திருக்கிறார். உரிமையாளர் வெளிநாட்டில், ஓபன் பேப்பர் இருக்கிறது. உப்புக்காற்றுக்கும் மழைக்கும் இந்தக் கூரை தாங்குமா? நடுவழியில் நின்றால் என்ன செய்வது? கல்யாண வாடகைக்கு விடலாமா?

பதில்:

தம்பி, கூரை பாதியில் நிற்கிற நிலையில் அந்தக் காரை வாங்காதீர்கள். திருத்தி, முழுதாக மூடித் திறந்து காட்டிய பிறகு விலை பேசுங்கள். அது உண்மையிலேயே சின்ன வயர் வேலை என்றால் விற்கிறவரே அதை முடித்துவிட்டு விலையைக் கூட்டியிருப்பார். ஐயாயிரம் ரூபாய் வேலைக்காக லட்சக் கணக்கில் விட்டுக்கொடுக்கிற புரோக்கர் இந்தக் கரையில் இன்னும் பிறக்கவில்லை.

கூரை எப்படி மடிகிறது என்று விளங்கினால் பாதிப் பயம் போய்விடும். முதலில் கண்ணாடிகள் கொஞ்சம் இறங்கும். டிக்கி மூடி பின்பக்கமாகத் திறக்கும். கூரை இரண்டாக மடிந்து உள்ளே படுக்கும். மூடி திரும்ப மூடிக்கொள்ளும். கோபெனில் இவ்வளவும் சுமார் 20 செக்கன். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததை ஒரு சின்ன சுவிட்ச் சொல்ல வேண்டும், அப்போதுதான் அடுத்தது அசையும். கச்சேரியில் கோப்பு நகர்கிற மாதிரிதான்: ஒரு மேசையில் கையெழுத்து விழாவிட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. இது புதிய வித்தையும் இல்லை. 1930களிலேயே ஜோர்ஜ் போலின் என்ற பிரெஞ்சுக்காரர் இப்படி ஒரு கூரையை வடிவமைத்து, பெஜோ கம்பனி அதைக் காரில் போட்டு விற்றது. அவர் தொழிலால் ஒரு பல் வைத்தியர்! ஆகவே மடிப்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் வயது போன சுவிட்சும் ரபரும் ஓயிலும்தான் பிரச்சினை.

சில நேரம் பழுதே இருக்காது. பல மொடல்களில் டிக்கிக்குள் ஒரு தடுப்புத் தட்டு இருக்கும். சாமான் கூரையில் இடிக்காமல் இருக்க வைத்தது. அது இரண்டு பக்கமும் கொளுவியில் சரியாக மாட்டியிருக்காவிட்டால் கூரை அசையவே அசையாது. தட்டைக் கழற்றி மச்சில் போட்டுவிட்டு, ‘பம்ப் போய்விட்டது’ என்று கராஜுக்கு வருகிறவர்கள் உண்டு. அப்படி வந்தவரிடம் புதுப் பம்புக்குக் காசு வாங்குகிற ஆட்களும் உண்டு. பெற்றரி தளர்ந்திருந்தாலும் இதே கதைதான். பம்ப் நிறையக் கரண்ட் இழுக்கும், ஆகவே எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி வைத்துக்கொண்டே கூரையை இயக்குங்கள். இந்த இரண்டையும் முதலில் பாருங்கள். இவைதான் உண்மையான சின்ன வேலைகள்.

இவை இல்லை என்றால் செலவுக்கு ஆயத்தமாக இருங்கள். கூரையைத் தூக்குவது ஹைட்ரோலிக் ஓயில். சிலிண்டரின் சீல் தேய்ந்தால் ஓயில் கசியும், கூரை மெல்ல மெல்ல ஏறும், ஒருநாள் பாதியில் நிற்கும். டிக்கியின் பக்க அட்டையைக் கழற்றச் சொல்லி, சிலிண்டர் தண்டில் ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றித் துடையுங்கள். துணி நனைந்து வந்தால் அது வயர் வேலை இல்லை. அங்கேயே பம்புக்குப் போகும் கனெக்டரையும் இழுத்துப் பாருங்கள். பின்கள் பளபளப்பாக இருக்க வேண்டும். பச்சைக் களிம்பு படிந்திருந்தால் உப்பு உள்ளே போய்விட்டது என்று அர்த்தம், அல்லது கார் தண்ணீருக்குள் நின்றிருக்கிறது.

அந்த இரண்டாவது விஷயத்தைக் கவனியுங்கள். 2025 நவம்பர் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் நாட்டின் பல பக்கங்களில் வாகனங்கள் மூழ்கின. மூழ்கிய காரைக் கழுவிக் காயவைத்து, வாசனை அடித்து, வெள்ளமே பார்க்காத ஊருக்கு அனுப்பி விற்பது பெரிய காரியம் இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். சீட்டுக்குக் கீழே உள்ள தண்டவாளத்தில் துரு, உதிரிச் சில்லுக் குழியில் மண், இவற்றையும் பாருங்கள். மடிக்கும் கூரைக் கார்கள் பலவற்றில் பம்பும் வயரிங்கும் டிக்கிக்குள்தான். சாதாரணக் கார் தப்புகிற வெள்ளத்தில் இது தப்பாது.

ஒழுகுமா என்று கேட்டீர்கள். துணிக் கூரையை விடக் குறைவாக ஒழுகும், ஒழுகவே ஒழுகாது என்று சொல்ல முடியாது. கூரைத் துண்டுகள் சேரும் இடத்தில் ரபர் பட்டி. நம்முடைய வெயிலில் அது காய்ந்து வெடிக்கும். அதற்குத் தேங்காய் எண்ணெயோ கிறீஸோ பூசாதீர்கள், ரபர் ஊதிப் பழுதாகும். சிலிக்கன் ஸ்பிரேயைத் துணியில் அடித்துத் தேய்த்தால் போதும். ரபரை விடப் பெரிய எதிரி வடிகால் துளை. கூரை விளிம்பில் விழும் மழைத்தண்ணீர் சிறு குழாய்கள் வழியாகக் காருக்குக் கீழே இறங்க வேண்டும். கச்சான் காற்று அள்ளி வரும் மணலும் சருகும் அதில் அடைத்துவிடும். ஆடி ஆவணியில் அடைத்தது அப்போது தெரியாது. மாரி தொடங்கினால் தண்ணீர் டிக்கிக்குள் நிற்கும். கார் பார்க்கப் போகும்போது ஒரு போத்தல் தண்ணீர் கொண்டு போங்கள். அந்த வாய்க்காலில் ஊற்றி, கீழே மண்ணில் வடிகிறதா என்று குனிந்து பாருங்கள். புரோக்கர் முகம் மாறினால் அதையும் கவனியுங்கள்.

நடுவழியில் நின்றால்: கையால் பிடித்து இழுக்கக் கூடாது, பிணைச்சல் வளைந்துவிடும். பம்பில் அழுத்தத்தை விடுகிற ஒரு திருகு இருக்கும். அதைத் தளர்த்திவிட்டு இரண்டு பேர் இரண்டு பக்கமும் சமமாகத் தூக்கி மூடலாம். திருகு எங்கே என்பது மொடலுக்கு மொடல் மாறும், ஜப்பானிலிருந்து வந்த காரின் கைநூல் ஜப்பான் மொழியில்தான் இருக்கும். அதனால் வாங்கும் நாளிலேயே கராஜ் பாஸைக் கொண்டு ஒருமுறை கையால் மூடிக் காட்டச் சொல்லுங்கள். போனில் வீடியோ எடுத்து வையுங்கள். இன்னொன்று, தகரக் கொட்டிலுக்குள் வைத்துக் கூரையைத் திறக்காதீர்கள். டிக்கி மூடி நன்றாக உயரும், பின்னாலும் நீளும். மதிலில் அடித்தால் எந்தச் சுவிட்சும் காப்பாற்றாது.

நல்ல பக்கம் இல்லை என்று நான் சொல்லவில்லை. கூரை மூடியிருந்தால் அது சாதாரணக் கார்தான். ஏசிக் குளிர் உள்ளேயே நிற்கும், கத்தியால் கிழித்துத் திருட முடியாது, மழைச் சத்தம் குறைவு. துணிக் கூரை கிழிந்தால் தைக்க ஆள் தேடுவதே பெரும்பாடு, அந்தத் தலையிடியும் இல்லை. 660 சீசீக்குள் அடங்கும் எஞ்சின் என்பதால் பெற்றோலும் அதிகம் குடிக்காது. ஆனால் மதிய வெயிலில் திறந்து ஓட முடியாது. விடிய வெள்ளெனவும் மாலை ஐந்துக்குப் பிறகும்தான் சரிவரும். அந்த நேரத்தில் திறந்த கூரையோடு கல்லடிப் பாலத்தைக் கடப்பது சுகம்தான், மறுக்க மாட்டேன். சாமான் இடத்தை மறந்துவிடுங்கள். பெரிய காரான பிஎம்டபிள்யூ இசட்4 இரும்புக் கூரை மொடலிலேயே 310 லீற்றர் டிக்கி, கூரையை மடித்தால் 180 ஆகும். கோபெனில் கூரை மடித்தபின் ஒரு மரக்கறிப் பைக்கே இடம் தேட வேண்டும். இரண்டு சீட் மட்டும்தான். வீட்டில் பிள்ளை இருந்தால் இது இரண்டாவது வாகனமாக இருக்கலாம், ஒரே வாகனமாக இருக்க முடியாது.

சரி, இப்போது ஓபன் பேப்பர். உங்கள் கடிதத்தில் என்னைக் கூரையை விட அதிகம் பயமுறுத்தியது அந்தச் சொல்தான்.

பதிவில் பெயருள்ளவர் கைமாற்றப் படிவத்தில் கையெழுத்து வைத்து, வாங்குகிறவர் பெயரை வெறுமையாக விட்டுக் கொடுக்கிறார். அந்தத் தாள் மூன்று நான்கு கை மாறி உங்களிடம் வருகிறது. நடுவில் இருந்தவர்கள் எவர் பெயரும் எங்கும் இல்லை. முதல் ஆள் இறந்துபோனால் அந்தக் கையெழுத்தோடு நீங்கள் தனியே நிற்பீர்கள். இடையில் யாராவது விபத்து நடத்தியிருந்தால் பொலிஸ் தேடி வரும் வாகனம் உங்கள் வளவில் நிற்கும். கைமாறி 14 நாட்களுக்குள் பெயர் மாற்ற வேண்டும் என்கிறது சட்டம். நல்ல சட்டம். ஆனால் அதற்காக மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ் ஏறி, கொழும்பில் விடியற்காலை வரிசையில் நின்று, ‘இந்தப் பிரதி தெளிவில்லை, நாளைக்கு வாங்க’ என்று கேட்டுத் திரும்புகிறவரிடம் சட்டத்தைப் பற்றிப் பேசிப் பாருங்கள். இந்த அலைச்சல்தான் புரோக்கரை வாழவைக்கிறது. இருந்தாலும் அலையத்தான் வேண்டும்.

உரிமையாளர் வெளிநாட்டில் என்பதற்காக எல்லாவற்றையும் தள்ளிவிட வேண்டாம். நம் பகுதியில் பாதி வீட்டுக்காரர் வெளிநாட்டில்தானே. அவர் உள்ளூரில் ஒருவருக்கு அற்றோனித் தத்துவம், அதாவது தன் சார்பில் காரியம் பார்க்கும் அதிகாரப் பத்திரம், எழுதிக் கொடுத்திருந்தால் அவரிடம் வாங்கலாம். ஆனால் மூலப் பிரதியைக் கேளுங்கள், போட்டோ கொப்பி போதாது. பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். வாகனத்தை விற்கும் அதிகாரம் அதில் எழுதியிருக்கிறதா என்று ஒரு சட்டத்தரணியைக் கொண்டு வாசிப்பியுங்கள். ‘என் சொத்துக்களைப் பராமரிக்க’ என்று மட்டும் இருந்தால், பராமரிக்கலாம், விற்க முடியாது. எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்க வேண்டும், ஏனென்றால் அவர் இறந்தால் தத்துவமும் அதோடு முடிந்துவிடும். ஆகவே வட்ஸ்அப் வீடியோவில் அவரையே கூப்பிட்டு, வாகன இலக்கத்தைச் சொல்லி, ‘இன்ன விலைக்கு விற்கச் சொன்னீர்களா, தத்துவத்தை ரத்துச் செய்யவில்லையே’ என்று கேளுங்கள். புரோக்கர் சொன்ன விலையும் அவர் சொல்லும் விலையும் ஒன்றாக இருப்பது அபூர்வம். வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்தால் பேரம் பேசவும் உதவும்.

சீ.ஆர். என்கிற வாகனப் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் கட்டி முடிந்தது என்ற வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். அந்தப் பெயர் நீங்கிய புத்தகம் கைக்கு வரும் வரை அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. சசி (அடிச்சட்டம்) இலக்கத்தைப் புத்தகத்தில் மட்டும் பார்க்காமல், இரும்பில் குத்தியிருப்பதோடு ஒப்பிடுங்கள்.

கல்யாண வாடகை: இரண்டு சீட் காரில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஏறினால் யார் ஓட்டுவது? மாப்பிள்ளைதான் ஓட்ட வேண்டும். முதல் நாள் சாவி வாங்கியவர் அவசரத்தில் கூரைப் பொத்தானை அமத்தினால் என்னாகும் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதோடு, சொந்தப் பாவனைக்கு எடுத்த காப்புறுதியில் வாடகைக்கு ஓடி அடிபட்டால் கம்பனி கையை விரித்துவிடும். விடுவதென்றால் முதலில் காப்புறுதிக் கம்பனியிடம் எழுத்தில் கேட்டு, அதற்கான கட்டணத்தையும் கட்டிவிட்டு விடுங்கள்.